நரம்புக்கும் தசைக்கும் நடுவே ஒரு நொதி

விரல் ஒன்றை மடக்க வேண்டுமானால், நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டு, மிகக் குறுகிய ஓர் இடைவெளியைக் கடந்து, தசையின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் பட்டாக வேண்டும். பட்ட சில மில்லி நொடிகளுக்குள் அது அங்கிருந்து ஒழிந்துபோகவும் வேண்டும். ஒழியாவிட்டால் தசை சுருங்கியது சுருங்கியபடி துடித்து, பிறகு கட்டளை எதற்கும் இணங்காமல் செயலிழந்துவிடும். மூச்சுவிட உதவும் தசைகளுக்கும் இதே கதிதான். ஆகவே ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு நிகழ்வுகள் தேவைப்படுகின்றன: செய்தி வந்து சேர வேண்டும், வந்த செய்தி உடனே அழிய வேண்டும். அழிக்கும் வேலையைச் செய்வது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி. நொதிகள் பொதுவாக எப்படி இயங்குகின்றன என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான நொதி கிடைப்பது அரிது என்று நான் நினைக்கிறேன். இதன் வேலை எளியது, வேகம் மிகப் பெரியது, இது முடங்கினால் என்ன ஆகும் என்பதும் நம் ஊர் மருத்துவமனைகளுக்கு நன்றாகவே தெரியும்.

இப்படி ஒரு நொதி இருந்தாக வேண்டும் என்ற ஊகம், அதைக் கண்ணால் காண்பதற்கு வெகு காலம் முன்பே எழுந்தது. 1914-இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல், அசிட்டைல்கோலினை உடலில் செலுத்தினால் அதன் விளைவு மிகச் சீக்கிரம் மறைந்துவிடுவதைக் கவனித்து, அதை உடைக்கும் ஏதோ ஒரு நொதி உடலில் இருக்கலாம் என்று எழுதினார். நரம்பு தன் செய்தியை வேதிப்பொருளாக அனுப்புகிறது என்பதை 1921-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். 1926-இல் அவரும் நவ்ராட்டிலும் சேர்ந்து, இதயத் திசுவில் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி இருப்பதையும், மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் விதையில் கிடைக்கும் ஃபைசோஸ்டிக்மின் அந்த நொதியைத் தடுப்பதையும் நிறுவினார்கள். டேலும் லோவியும் 1936-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நொதி உண்மையில் செய்வது என்ன? அசிட்டைல்கோலினை நீர் உடைத்தால் அசிட்டிக் அமிலமும் கோலினும் கிடைக்கும். ஆற்றல் கணக்கின்படி இந்த வினை தானாகவே நடக்கக்கூடியது. நொதி அதற்குப் புதிதாக ஆற்றல் எதையும் ஊட்டுவதில்லை. வினை இறுதியில் எந்தச் சமநிலையில் நிற்கும் என்பதையும் நொதியால் மாற்ற முடியாது. ஆனால் தானாக நடக்கக்கூடிய வினை உடனே நடந்துவிடும் என்று பொருளில்லை. பழைய பிணைப்புகள் பாதி அறுந்து, புதியவை பாதி உருவான, ஆற்றல் மிகுந்த ஓர் இடைநிலையை மூலக்கூறு கடந்தாக வேண்டும். அந்த இடைநிலைக்கு ஏறத் தேவைப்படும் ஆற்றலைக் கிளர்வு ஆற்றல் என்கிறோம். நொதி குறைப்பது இதை மட்டும்தான். இந்தக் குறைப்பின் அளவை உணர வேறொரு நொதியைப் பார்க்கலாம். நம் மரபணுக்களுக்கு வேண்டிய ஒரு மூலப்பொருளை உருவாக்கும் பாதையில் ஓரோட்டிடின் மோனோபாஸ்பேட் என்ற மூலக்கூறிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் படி ஒன்று உண்டு. நொதி இல்லாமல் அறை வெப்பநிலை நீரில் விட்டுவைத்தால், அதில் பாதி அளவு மாறுவதற்கே சுமார் 7 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று ரிச்சர்ட் வுல்ஃபெண்டனும் அன்னா ராட்சிக்காவும் 1995-இல் கணக்கிட்டார்கள். அந்த வினைக்குரிய நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு அதை நொடிக்குச் சுமார் 39 முறை செய்து முடிக்கிறது.

பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த பூட்டு-சாவி விளக்கம் 1894-இல் ஜெர்மனியின் எமில் ஃபிஷர் தந்தது. ஒரு நொதி ஏன் ஒரு குறிப்பிட்ட பொருளோடு மட்டும் வினைபுரிகிறது என்பதற்கு அது நல்ல விளக்கம்தான். எனினும் அதிலேயே நின்றுவிட்டால், ஏன் வினை வேகமடைகிறது என்ற முதன்மையான கேள்விக்கு விடை கிடைக்காது. தளப்பொருள், அதாவது நொதி மாற்ற வேண்டிய பொருள், நொதியின் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தி, மிக வசதியாக அமர்ந்துவிட்டால், அது அங்கிருந்து மாற வேண்டிய அவசியமே இருக்காது. இறுகப் பிணைக்கப்பட்ட பொருள் இன்னும் ஆழமான ஆற்றல் குழியில் இறங்கிவிடும், ஏற வேண்டிய உயரமும் அந்த அளவுக்குக் கூடிவிடும். 1930-இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் இந்தத் திசையில் சிந்தித்தார். 1940-களில் லைனஸ் பாலிங் அதைத் தெளிவாகச் சொன்னார். நொதியின் வடிவம் தளப்பொருளுக்குப் பொருந்துவதைவிட, அது உடையும் வழியில் கடக்கும் இடைநிலைக்கே நன்றாகப் பொருந்துகிறது. கணத்தினும் குறைவான நேரமே நீடிக்கும் அந்த நிலையைத்தான் நொதி தன் முழு வலுவோடு தாங்கிப் பிடிக்கிறது. 1958-இல் டேனியல் காஷ்லண்ட், தளப்பொருள் வந்து சேரும்போது நொதியும் தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறது என்ற திருத்தத்தைச் சேர்த்தார். இதுவும் முக்கியமானது, ஆனால் பாலிங்கின் கருத்தே அடிப்படை என்பது என் எண்ணம். அசிட்டைல்கோலின்எஸ்டரேஸின் கதை முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே நகர்கிறது.

இந்த நொதியின் முப்பரிமாண அமைப்பை 1991-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் குழுவினர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறிந்தார்கள். நொதி எடுக்கப்பட்டது ஒரு மின்திருக்கை மீனின் மின்னுறுப்பிலிருந்து. அந்த உறுப்பு உருமாறிய தசைதான் என்பதால், அசிட்டைல்கோலின் சார்ந்த புரதங்கள் அதில் குவிந்து கிடக்கின்றன. அமைப்பைப் பார்த்தவர்களுக்கு இரண்டு வியப்புகள் காத்திருந்தன. இத்தனை வேகமாக இயங்கும் நொதியின் செயல்மையம், அதாவது வினை நடக்கும் இடம், மேற்பரப்பில் திறந்து கிடக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. அதுவோ சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் ஒரு மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு) ஆழமுள்ள, குறுகிய ஒரு பள்ளத்தின் அடியில் புதைந்திருந்தது. அடுத்து, அசிட்டைல்கோலினின் ஒரு முனையில் நேர்மின்னூட்டம் இருப்பதால், அதைப் பிடித்துவைக்கும் இடத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் திரண்டிருக்கும் என்றுதான் பல பத்தாண்டுகளாகக் கருதிவந்தார்கள். அந்தப் பள்ளத்தின் சுவர்களிலோ வளைய அமைப்பு கொண்ட 14 அமினோ அமிலங்கள் வரிசையாக நின்றன. நேர்மின்னூட்ட முனையைப் பிடிப்பதில் பெரும்பங்கு ஒரு டிரிப்டோஃபேனுக்கு உரியது. அதன் வளையத்தின் முகப்பில் பரவியிருக்கும் எலக்ட்ரான்களே அந்த முனையை ஈர்க்கின்றன. இதற்கு மேல், நொதி முழுவதிலும் மின்னூட்டங்கள் பரவியிருக்கும் விதம் அந்தப் பள்ளத்தின் திசையில் ஒரு மின்புலத்தை உண்டாக்கி, அருகில் வரும் அசிட்டைல்கோலினை உள்நோக்கிச் செலுத்துகிறது.

பள்ளத்தின் அடியில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அங்கே செரின், ஹிஸ்டிடின், குளுட்டமேட் என்ற மூன்று அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. புரதச் சங்கிலியில் இவை 200, 440, 327 ஆகிய இடங்களில், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளவை. சங்கிலி மடிந்த விதத்தால் மட்டுமே பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. செரினின் முனையில் ஓர் ஆக்சிஜனும் அதோடு ஒட்டிய ஹைட்ரஜனும் உள்ளன. சாதாரணச் செரின் மந்தமானது, எதையும் எளிதில் தாக்காது. இங்கே ஹிஸ்டிடின் அந்த ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, ஹிஸ்டிடினுக்கு அதனால் ஏற்படும் நேர்மின்னூட்டத்தைக் குளுட்டமேட் சமன்செய்கிறது. ஹைட்ரஜனின் பிடி தளர்ந்த செரினின் ஆக்சிஜன், அசிட்டைல்கோலினின் மையக் கார்பனைத் தாக்குகிறது. அதுவரை மூன்று அணுக்களோடு ஒரே தளத்தில் தட்டையாக இருந்த அந்தக் கார்பன், நான்காவதாக ஒரு பிணைப்பை ஏற்று நான்முகி வடிவம் கொள்கிறது; அதனோடு இணைந்த ஆக்சிஜன் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. கடக்க வேண்டிய இடைநிலை இந்த வடிவத்தை ஒட்டியதுதான். தனியே நீரில் உருவாக வேண்டுமானால் இதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகும். நொதியிலோ, அந்த எதிர்மின்னூட்ட ஆக்சிஜன் வந்து நிற்கும் இடத்தைக் குறிபார்த்து மூன்று ஹைட்ரஜன்கள் முன்கூட்டியே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. தட்டையான நிலையில் அவற்றோடு தளர்வாகவே பொருந்தும் ஆக்சிஜன், நான்முகி நிலைக்கு மாறும்போதுதான் மூன்றின் பிடியிலும் முழுமையாகச் சேர்கிறது. பாலிங் சொன்னதை அணு அளவில் காட்ட இதைவிடத் தெளிவான இடம் வேண்டுமா?

பிறகு கோலின் கழன்று வெளியேறுகிறது. அசிட்டைல் பகுதி மட்டும் செரினோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த நேரத்தில் நொதியால் அடுத்த மூலக்கூறை ஏற்க முடியாது. ஹிஸ்டிடின் இப்போது ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜனை இழுத்து, அந்த நீரைக் கொண்டு ஒட்டியிருக்கும் அசிட்டைலைத் தாக்கவைக்கிறது. அதே நான்முகி நிலை, அதே மூன்று ஹைட்ரஜன்களின் பிடி. அசிட்டைல் அகன்றதும் செரின் பழையபடி ஆகிறது. இவ்வளவும் சுமார் 100 மைக்ரோ நொடிக்குள், அதாவது ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. அசிட்டைல்கோலின் நீரில் அலைந்து வந்து நொதியைச் சேரும் வேகமே கிட்டத்தட்ட இந்த வினையின் வேக எல்லையாக இருக்கிறது. இதற்கு மேல் நொதியைச் செம்மைப்படுத்தினாலும் பெரும் பயன் இருக்காது. வெப்பம் அதிகமானாலோ அமிலத்தன்மை மாறினாலோ நொதிகள் செயலிழப்பதற்கான காரணமும் இந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது: மடிப்பு குலைந்தால் அந்த மூன்றும் பிரிந்துவிடும்; அமிலம் மிகுந்தால் ஹிஸ்டிடின் ஏற்கெனவே ஒரு ஹைட்ரஜனை ஏந்தி நிற்கும், இன்னொன்றை இழுக்க அதனால் இயலாது.

இத்தனை நுட்பமான பொறிமுறையை முடக்கும் வழி ஒன்றை 1936-இல் ஜெர்மனியில், புதிய பூச்சிக்கொல்லிகளைத் தேடிக்கொண்டிருந்த வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர், அதன் விளைவை எதிர்பாராமலே கண்டுபிடித்தார். அவர் உருவாக்கிய டாபுன் என்ற ஆர்கனோபாஸ்பரஸ் சேர்மம் போர் நஞ்சாக ஆக்கப்பட்டது. அதே குடும்பத்தின் வேறு சேர்மங்கள் போருக்குப் பின் உலகம் முழுவதும் வயல்களுக்கு வந்தன. மோனோகுரோட்டோஃபாஸ், குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட் ஆகிய பெயர்கள் பூச்சிமருந்துக் கடைக்குப் போய்வரும் எந்த விவசாயிக்கும் பழக்கமானவை.

இவற்றின் மையத்தில் கார்பனுக்குப் பதிலாகப் பாஸ்பரஸ் இருக்கிறது. அது தொடக்கத்திலேயே நான்முகி வடிவம் கொண்டது. செரின் வழக்கம்போல் தாக்குகிறது, பாஸ்பரஸ் அதோடு ஒட்டிக்கொள்கிறது, அதன் ஆக்சிஜன் அந்த மூன்று ஹைட்ரஜன்களின் பிடியில் போய் அமர்கிறது. இடைநிலைக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில், இடைநிலையைப் போன்ற வடிவத்தோடு, ஆனால் நிலையாக ஒரு பொருள் உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த படியாக நீர் வந்து அதை விடுவிக்க வேண்டும். பாஸ்பரஸை விடுவிக்க, செரின் ஒட்டியிருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து நீர் தாக்க வேண்டும். நீரைத் தூண்டக்கூடிய ஹிஸ்டிடினோ அந்தப் பக்கத்தில் இல்லை. அசிட்டைலை 100 மைக்ரோ நொடியில் விடுவித்த அதே நொதி, இதை விடுவிக்க மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்கு வரை எடுத்துக்கொள்கிறது. சில சேர்மங்களில் விடுவிப்பதே இல்லை. நஞ்சு நொதியை உடைக்கவில்லை, சிதைக்கவும் இல்லை. நொதியின் திறமை எதுவோ அதையே பயன்படுத்தி அதைப் பாதி வேலையில் நிறுத்திவிடுகிறது.

இது வெறும் நேரக் கணக்குதான் என்பதைக் கார்பமேட் வகைச் சேர்மங்கள் காட்டுகின்றன. அவையும் செரினோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ நீர் அவற்றை விடுவித்துவிடுகிறது. லோவி பயன்படுத்திய ஃபைசோஸ்டிக்மின் இந்த வகையைச் சேர்ந்தது. தசைகள் வலுவிழந்து இமைகூடத் தூக்க முடியாமல் போகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளி ஒருவருக்கு 1934-இல் லண்டனின் கிரீனிச் பகுதி மருத்துவமனையில் மேரி வாக்கர் அதைக் கொடுத்து, தசைவலு தற்காலிகமாகத் திரும்புவதைக் கண்டார். ஏற்பிகள் குறைந்துபோன அந்த நோயில், அசிட்டைல்கோலின் சற்றுக் கூடுதல் நேரம் தங்கினால் நன்மை. இன்றும் அதே கொள்கையில் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை கொடுக்கப்படுகிறது.

வயலுக்கு வரும் நஞ்சுகளில் வேறு நொதிகளுக்கும் பங்கு உண்டு. குளோர்பைரிபாஸ் தன் மூல வடிவில் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸை அவ்வளவாகத் தாக்காது. கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் வகை நொதிகள் அதன் சல்ஃபரை நீக்கி ஆக்சிஜனைச் சேர்த்த பின்னரே அது கொடிய நஞ்சாகிறது. மாலத்தியானும் இப்படி மாறக்கூடியதுதான், என்றாலும் பாலூட்டிகளின் உடலில் கார்பாக்சில்எஸ்டரேஸ் என்ற இன்னொரு நொதி முந்திக்கொண்டு அதை வெட்டித் தீங்கற்றதாக்கிவிடுகிறது. பூச்சிகளிடம் அந்த நொதி போதிய அளவில் இல்லை. மாலத்தியான் மனிதருக்கு ஓரளவு பாதுகாப்பானது என்ற மதிப்பீடு முழுக்க இந்த ஒரு நொதியை நம்பியே நிற்கிறது. 1976-இல் பாகிஸ்தானின் மலேரியா ஒழிப்புப் பணியில் மாலத்தியான் தெளித்த சுமார் 7,500 பேரில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சுக்கு ஆளானார்கள், குறைந்தது 5 பேர் இறந்தார்கள். அந்த மருந்தில் ஐசோமாலத்தியான் என்ற மாசு கலந்திருந்தது. அது கார்பாக்சில்எஸ்டரேஸை முடக்கியதால், உடலைக் காத்துவந்த அரண் இல்லாமல் போயிற்று.

நீர் தாக்க வேண்டிய பக்கத்தில் ஆளில்லை என்பதுதான் சிக்கல் என்றால், அங்கே ஓர் ஆளை நிறுத்திவிட்டால் என்ன? 1990-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் செய்தே பார்த்தார்கள். அசிட்டைல்கோலின்எஸ்டரேஸுக்கு நெருங்கிய உறவான, இரத்தத்தில் உள்ள பியூட்டிரைல்கோலின்எஸ்டரேஸில், 117-ஆவது இடத்தின் கிளைசினை நீக்கிவிட்டு ஹிஸ்டிடினைப் பொருத்தினார்கள். மாற்றிய நொதி, தன்னோடு ஒட்டும் ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சைத் தானே நீராற்பகுத்து விடுவித்துக்கொண்டது. இதே உத்தியை இயற்கையும் கையாண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் செம்மறியாடுகளைத் தாக்கும் ஒருவகை ஈ, பல ஆண்டுகள் இந்த மருந்துகளுக்கு ஆளானதில் எதிர்ப்புத்திறன் பெற்றது. அதன் எஸ்டரேஸ் நொதி ஒன்றில், இதற்கு ஒப்பான இடத்தில், கிளைசின் போய் அஸ்பார்ட்டிக் அமிலம் வந்திருப்பது 1997-இல் தெரியவந்தது. ஆய்வகமும் ஈயும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே விடைக்கு வந்திருப்பது, பொறிமுறை குறித்த நம் புரிதல் சரியானது என்பதற்கு வலுவான சான்று.

மனித உடலுக்கு இந்த வசதி இல்லாததால் மருந்து கொண்டுதான் நொதியை மீட்க வேண்டும். அட்ரோபின் நொதியைத் தொடுவதில்லை. தேங்கிய அசிட்டைல்கோலின் சில ஏற்பிகளில் படாமல் தடுத்து உயிரைக் காக்கிறது. முடங்கிய நொதியை விடுவிக்கவே 1950-களில் பிராலிடாக்சைம் உருவாக்கப்பட்டது. அதன் ஒரு முனையில் உள்ள நேர்மின்னூட்டம் அசிட்டைல்கோலினைப் போலவே பள்ளத்துக்குள் ஈர்க்கப்பட, மறுமுனை பாஸ்பரஸைத் தாக்கிச் செரினிலிருந்து பிரித்தெடுக்கிறது. ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. ஒட்டிய பாஸ்பரஸ் தன் பக்கக் கிளை ஒன்றை மெல்ல இழந்து, எதிர்மின்னூட்டம் பெற்று, மேலும் உறுதியாகிவிடுகிறது. இதை நொதி முதிர்தல் என்கிறார்கள். முதிர்ந்த நொதியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. டைமெத்தோயேட் போன்ற டைமெத்தில் வகைகளில் பாதி நொதி முதிர ஏறத்தாழ 3.7 மணி நேரமும், குளோர்பைரிபாஸ் போன்ற டைஎத்தில் வகைகளில் சுமார் 33 மணி நேரமும் ஆகிறது. கிராமத்திலிருந்து நோயாளி பெரிய மருத்துவமனையை வந்தடைவதற்குள் முதல் வகையில் பெரும்பகுதி கைநழுவிவிட்டிருக்கும். 2009-இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில், பிராலிடாக்சைம் சிவப்பணுக்களில் உள்ள நொதியை ஓரளவு மீட்டபோதும் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. சோதனைக்குழாயில் தெளிவாக வேலை செய்யும் மருந்து படுக்கையருகே ஏமாற்றியது வேதனையானது. இலங்கை வேறு வழியிலும் முயன்றது: மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளை 1995-க்குள்ளும், டைமெத்தோயேட், ஃபென்தியான் ஆகியவற்றையும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியையும் 2008-க்கும் 2011-க்கும் இடையிலும் விலக்கியது. நஞ்சால் நேரும் மரணங்கள் அங்கே பெருமளவு குறைந்தன.

முதிர்ந்த நொதிக்கு மாற்று, உடல் புதிதாக உண்டாக்கும் நொதிதான். சிவப்பணுக்களின் மேலும் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் இருக்கிறது. சிவப்பணுக்களுக்குப் புதிய புரதம் உண்டாக்கும் திறன் இல்லாததால், பழைய அணுக்கள் போய்ப் புதியவை வரும் வேகத்தில், நாளுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு என்ற அளவிலேயே அது மீள்கிறது. மருந்து அடிப்பவர்களிடம் வெளியே தெரியாமல் சேரும் பாதிப்பை அளக்க இந்த மந்த மீட்சியே உதவுகிறது. கலிஃபோர்னியாவில் 1970-களிலிருந்து, இத்தகைய மருந்துகளோடு தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு வேலை தொடங்கும் முன்பே ஒரு முறை நொதி அளவு பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். பின்னர் சிவப்பணு நொதி அந்தத் தொடக்க அளவின் 70 விழுக்காடாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினால், அது மீளும் வரை அவரை அந்த வேலையிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுவதால், தொடக்க அளவு கையில் இல்லாமல் பிற்பாடு எடுக்கும் ஒற்றைச் சோதனை அதிகம் சொல்லாது. நம் ஊரில் பருத்திக்கும் மிளகாய்க்கும் காய்கறிக்கும் கூலிக்கு மருந்து அடிப்பவர்களுக்கு, பருவம் தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தத் தொடக்க அளவை எடுத்துவைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தேவைப்படுவது ஒரு சிறு இரத்த மாதிரிதான்.